ஹேமாவதி மங்கலாக்கிய படம்

எங்கள் கம்பெனியில் ஹேமாவதிக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் யாராவது கேட்டால் நான் முந்திக்கொண்டு, "நல்லா இருக்கற படத்தை சோகை புடிச்ச மாதிரி ஆக்கறது" என்பேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பிரேமாக்கா சொல்றது கரெக்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அப்போதெல்லாம் அவள் நன்றாகச் சிரிப்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெரிய பெரிய உருக்காலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. மற்றவர்களின் மிஷின்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறோம். பேனலுக்குள் ஒயர் இழுக்கிறவள் நான். பேனலின் முகத்தில் இருக்கிற தொடுதிரையில் என்னென்ன பட்டன் வரவேண்டும், எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுகிறவள் ஹேமாவதி. மிஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். எந்த மொழியில் எழுதினாலும் யாராவது ஒருவருக்குப் புரியாது. அதனால் எங்கள் திரைகளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான்.

அந்தப் படங்களால் ஒரு தொல்லை இருந்தது. பிரஸ் மிஷினின் கதவு திறந்திருக்கும்போது ஓட்டுகிற பட்டன் வேலை செய்யக் கூடாது. செய்யாது. ஆனால் அதன் மேல் இருக்கிற படம் மட்டும் பளிச்சென்று அப்படியே இருக்கும். ஓட்டுகிறவன் தொட்டுப் பார்ப்பான், குத்திப் பார்ப்பான், கடைசியில் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டுவான். உடைந்த திரைகள் எங்களிடம் திரும்பி வந்துகொண்டே இருந்தன. எழுத்து மட்டும் உள்ள சாதாரண பட்டன் என்றால் அதைக் கணினியே மங்கலாக்கிக் காட்டிவிடுமாம். நாமாகப் படம் வைத்துச் செய்த பட்டனுக்கு அந்த உபசாரம் கிடையாது. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு படத்துக்கும் மங்கலான இன்னொரு படத்தை வரைந்து வைத்திருந்தார். வாடிக்கையாளர் படத்தை மாற்றச் சொன்னால் இரண்டையும் மாற்ற வேண்டும். பாதி நேரம் மங்கல் படம் விட்டுப்போகும், பட்டன் பளிச்சென்றே நிற்கும். ஹேமாவதி வந்ததும் அதையெல்லாம் தூக்கிப் போட்டாள். ஒரே ஒரு படம் கொடுத்தால் போதும், மங்கலை நிரலே செய்துகொள்ளும் என்றாள். மதியச் சாப்பாட்டின்போது எனக்கு விளக்குவாள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்திருக்குமாம். மூன்றையும் கூட்டிச் சமமாகப் பிரித்துவிட்டால் நிறம் போய்விடும், ஆனால் படம் சேறாகத் தெரியும். நம் கண்ணுக்குப் பச்சைதான் ரொம்ப வெளிச்சம், நீலம் கொஞ்சம்தான். அதனால் பச்சைக்குப் பெரிய பங்கு, சிவப்புக்கு அதைவிடக் குறைச்சல், நீலத்துக்கு ஏதோ கொஞ்சம் என்று எடுத்துக் கலந்தால் சரியான சாம்பல் கிடைக்கும். பிறகு அதைத் திரையின் பின்னணி நிறத்தோடு கொஞ்சம் கரைக்க வேண்டும். இதில்தான் அவள் பலநாள் மல்லுக்கட்டினாள். கரைத்தது குறைந்தால் பட்டன் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துத் தொடுவார்கள். அதிகமானால் பட்டனே காணாமல் போய்விடும்.

"பாத்தவொடனே 'இருக்குது, ஆனா இப்ப இல்ல'ன்னு தோணணும்க்கா. அதான் கணக்கு" என்பாள்.

அந்த இடத்தை அவள் பிடித்துவிட்டாள். அதன் பிறகு ஸ்க்ரூட்ரைவர் அடி வாங்கிய திரை வருவது நின்றது.

ஹேமாவதிக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அப்பா பூவராகவன் ஏரியில் இறால் பிடித்தவர். அங்கே யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். உன் பாடு இல்லாத நாளில் ஏரி நிறைய இறால் துள்ளினாலும் நீ கரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. சுற்றி வரும், வந்தே தீரும். ஆயுசு முழுக்க அப்படிக் காத்திருந்து பழகியவர் பூவராகவன்.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. அம்மா பச்சையம்மா, அவர், ஹேமாவதி மூன்று பேரும் புதுவாயலுக்கு வந்து நான் குடியிருக்கிற வரிசையிலேயே ஒரு போர்ஷன் எடுத்தார்கள். பச்சையம்மா காலையில் பழவேற்காடு போய் மீன் எடுத்துவந்து புதுவாயல் கூட்ரோட்டில் உட்கார்ந்து விற்பாள். வெண்கலக் குரல். விலை பேசுகிறவர்களை அவள் திட்டுவது எங்கள் வீடு வரை கேட்கும். இடுப்புச் சுருக்குப்பையில் செல்போன் எப்போதும் இருக்கும். குளிக்கப் போனால்கூட அதைக் கழற்ற மாட்டாள் என்று ஹேமாவதி கிண்டல் செய்வாள்.

பூவராகவனுக்கு வார்த்தை வராதது மட்டுமில்லை, நாம் பேசுகிற வார்த்தையும் சரியாக உள்ளே போகாது. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். டீ வேண்டுமா என்றால் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். தான் கேட்பது கிடைக்காதபோது தட்டை வீசுவார். "டாக்டர் சொல்றாரு, படம்னா புரியுமாம்க்கா" என்று ஒருநாள் சொன்ன ஹேமாவதி, அடுத்த வாரமே கம்பெனி கழித்துப்போட்ட ஒரு டேப்லட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதில் அவருக்காகப் படப் பட்டன்கள் செய்தாள். தண்ணீர், டீ, மின்விசிறி, பாத்ரூம், வலி. கடைசி வரிசையில் பச்சையம்மாவின் போட்டோவும் தன் போட்டோவும். போட்டோவைத் தொட்டால் அந்த ஆளின் போனுக்கு அழைப்பு போகும். மனிதருக்கு அது கிடைத்ததும் ஒரே கொண்டாட்டம். தட்டு வீசுவது போய்விட்டது. ஆனால் பச்சையம்மா பாடு திண்டாட்டமாகிவிட்டது. மீன் வெட்டுகிற கையோடு போனை எடுத்து எடுத்து, "பேஜாரு புடிச்ச மனுசன்டி உங்கப்பன்! ஒரு கிலோ மீன வெட்றதுக்குள்ள நாலு வாட்டி கூப்புடுது. எதுனா பண்ணு" என்று கத்தினாள்.

என்ன பண்ண வேண்டும் என்பது ஹேமாவதிக்குத் தெரியாதா? பிரஸ் மிஷினுக்கு எழுதிய அதே நிரலை எடுத்துப் போட்டாள். வெளியே கிளம்புகிறவர் தன் படத்தின் ஓரத்தில் இருக்கிற ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தப் படம் மங்கலாகிவிடும், அழுத்தினால் அழைப்பு போகாது. திரும்பி வந்து தொட்டால் நிறம் வந்துவிடும். பச்சையம்மா இதைச் சடங்கு மாதிரி செய்வாள். கூடையைத் தலையில் ஏற்றும் முன்னால் கட்டிலருகே வந்து, அவர் பார்க்கும்படி விரலை வைத்து, "யோவ், நான் போய்ட்டு வர்றேன்" என்பாள். அவளுடைய மஞ்சள் முகமும் குங்குமமும் சிவப்புச் சேலையும் ஒரே சாம்பலாகிவிடும்.

முதல் சில நாள் அவர் மங்கலான படத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒருநாள் அதைக் காட்டி, இடது கை விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுச் சிரித்தார். எங்களுக்கு விளங்கவில்லை. பச்சையம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"இன்னிக்கு என் பாடு இல்லியாம்டி, சுத்தி வருமாம். அய்யய்ய, என்னைய எறால் பாடு ஆக்கிட்டாரு பாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஹேமாவதிக்குப் பெருமை தாங்கவில்லை. நிரலில் எழுதாத ஒரு அர்த்தத்தை அவர் அதில் படித்துவிட்டார் என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் பூவராகவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையில் பச்சையம்மா வந்து கஞ்சி கொடுத்துவிட்டு, வழக்கம்போல் டேப்லட்டில் தன் படத்தை மங்கலாக்கிவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். மத்தியானம் கூட்ரோட்டில் மீன் கூடை முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. ஹேமாவதியின் தாய்மாமனும் பங்காளிகளும் கூடி, பூவராகவனுக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்கள். "சொன்னா அந்தாளும் போய்டுவாரு, ரெண்டு பொணமா எடுக்கப்போறீங்களா?" என்று மாமன் கேட்டார். ஹேமாவதி, "அவரு பாக்கணும் மாமா, ஒருவாட்டி பாக்கட்டும்" என்று அழுதாள். அழுகிற பெண்ணின் பேச்சை யார் கேட்டார்கள்? உடம்பைக் குப்பத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே எல்லாம் முடித்தார்கள். அவள் அங்கே இருக்க, ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக நான் இருந்தேன். அவர் மங்கலான படத்தைக் காட்டிக் காட்டி வட்டம் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மாலை போட்ட படத்தையும் மாமன் வீட்டிலேயே மாட்டினார்கள். பூவராகவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, துக்கம் கேட்க வந்தவர்களைப் புதுவாயல் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய் அழக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். செத்துப்போனவளுக்காக அவள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழாத கொடுமையை நான் அங்கேதான் பார்த்தேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில், யாரையும் கேட்காமல், ஹேமாவதியே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா செத்துப்போய்ட்டா நைனா என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அவர் தலையை ஆட்டினார். அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டார். "தாங்கிக்கினாருக்கா. எனக்கே ஆறுதல் சொல்றாரு" என்று மறுநாள் வண்டியில் வரும்போது சொன்னாள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

டேப்லட்டில் பச்சையம்மாவின் படம் அப்படியே இருந்தது. கடைசியாக அவளே தொட்டு மங்கலாக்கிய படம். அதை எடுக்க ஹேமாவதிக்கு மனசு வரவில்லை. இருக்கட்டும், நிறமில்லாமல் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைத்தாள்.

பகலில் எதிர் போர்ஷன் முத்தம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவள்தான் முதலில் சொன்னாள். சோறு போட்டால் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டோடு மூடி வைக்கச் சைகை காட்டுகிறாராம். சாயங்காலம் கதவைச் சாத்த விடுவதில்லையாம். ஹேமாவதி, மனசு சரியில்லாமல் அப்படிச் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கழுவும்போது அம்மாவின் தலையணையை எடுத்து வெளியே போட்டாள். பூவராகவன் கட்டிலிலிருந்து பாதி இறங்கி, அதைத் திரும்ப வாங்கித் தன் பக்கத்தில் வைத்துத் தட்டிச் சரிசெய்தார். பிறகு டேப்லட்டில் மங்கலான முகத்தைக் காட்டி, மகள் ஏதோ தெரியாமல் அவசரப்படுகிறாள் என்பது போலச் சிரித்துக்கொண்டே, விரலால் வட்டம் போட்டார்.

திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

"நான்தான்க்கா அவர ஏமாத்திகினு இருக்கறேன். எல்லாக் கம்பெனிக்காரன்கிட்டயும் நானேதான சொல்றேன், இப்ப வேல செய்யாதுன்னா மங்கலாக்கு, இனிமே இல்லவே இல்லன்னா எடுத்துடு, மங்கலா வெச்சா வரும்னு காத்துகினு இருப்பாங்கன்னு. ஊட்ல அதயேதான வெச்சிருக்கறேன்? நான் வாயால சொன்னது அவருக்குப் போய்ச் சேரல. படம் சொன்னதுதான் சேந்துச்சு."

"அப்ப எடுத்துடு."

"எடுத்தா மட்டும்? எங்கியோ காணாம பூட்டான்னு தேடுவாருக்கா. அவ இல்லன்னு எப்படிப் புரியவெக்கறது? இன்னா படம் போடறது அதுக்கு?"

செத்துப்போனதற்கு ஒரு படம் எங்கள் கம்பெனியில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவர் நாஷ்டா முடித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஹேமாவதி கட்டிலின் மேலேயே அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டேப்லட்டை அவர் மடியில் வைத்து, ஓரத்துப் புள்ளியைத் தொட்டாள். பச்சையம்மாவுக்கு நிறம் வந்தது.

அவர் முகம் மலர்ந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. உடனே படத்தை அழுத்தினார்.

போன் அடித்தது, கூட்ரோட்டில் அல்ல, அந்த அறையிலேயே. ஹேமாவதி தன் மடியிலிருந்து அம்மாவின் சுருக்குப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதற்குள்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அழைப்பு ஓய்ந்ததும் மறுபடி அழுத்தினார். மறுபடி பை அடித்தது. ஹேமாவதி போனை எடுக்கவில்லை. கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையை இடுப்பிலிருந்து இறக்கிவைத்து ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

எத்தனை முறை அழுத்தினார் என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் விரல் படத்தின் மேல் போய் அழுத்தாமல் நின்றது. இடது கையால் பையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மீன் வாசனை இன்னும் இருந்திருக்கும். அப்புறம் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு போன பிறகு அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. முத்தம்மாள் எதிர் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். பச்சையம்மாவுக்காக அந்த வீட்டில் முதல் அழுகை அன்றைக்குத்தான் எழுந்தது. நானும் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு ஹேமாவதி அவர் பார்க்கவே அம்மாவின் படத்தை எடுத்தாள். நிரல்படி, ஒரு பட்டன் போனால் பக்கத்திலிருப்பது அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். ஹேமாவதியின் படம் நகர்ந்து அம்மா இருந்த இடத்தில் நின்றது. பூவராகவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அழுத்தினார். எதிரிலேயே உட்கார்ந்திருந்தவளின் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்து, "இருக்கறேன் நைனா" என்றாள். அவர் தலையை ஆட்டவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் அழுத்தினார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் தன் படத்தை மங்கலாக்க விரலைக் கொண்டுபோனாள். அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு கைதான் இருக்கிறது மனிதருக்கு, அதில் வலை இழுத்த பலம் முழுக்க இருந்தது. கம்பெனி வண்டி ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர் விடவில்லை. வட்டம் போடவும் இல்லை. அவள் புள்ளியைத் தொடாமல் கையைப் பின்னால் எடுத்த பிறகுதான் விட்டார்.

அன்றிலிருந்து ஹேமாவதியின் படம் மங்கலாவதே இல்லை. நாள் முழுக்க போன் அடிக்கிறது. ஷாப் ஃப்ளோரில் போன் கூடாது என்று மேனேஜர் சத்தம் போட்டார், மெமோ கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டு போனை அணைக்காமலே வேலை செய்கிறாள். நான் இப்போதெல்லாம் அவளைக் கிண்டல் செய்வதில்லை.

போன வாரம் ஒரு ஆலையில் புது மிஷினுக்குச் சோதனை ஓட்டம். ஆலைக்காரர்கள், எங்கள் மேனேஜர், எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். மிஷின் கதவைத் திறந்ததும் திரையில் ஓட்டுகிற பட்டன் அழகாக மங்கியது. எல்லோரும் திருப்தியாகத் தலையசைக்கிற நேரத்தில் அவள் போன் அடித்தது. மேனேஜர் முறைத்தார். அவள் ஓரமாகக்கூடப் போகவில்லை, அங்கேயே நின்று எடுத்தாள்.

"இருக்கறேன் நைனா."

அந்தப் பக்கம் பேச்சு வராது. மின்விசிறிச் சத்தமும் மூச்சும் மட்டும்தான் கேட்கும் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவராக வைக்கிற வரைக்கும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.